முழுவுரு நோக்குவார் அசைவியல்

மாணாக்க! காட்சிக்கூடத்தில் முழுவுருவின் முன் நிற்பார் தம் உடலாற் செய்வனவற்றைத் தொகுத்தும் வகுத்தும் கூறுவது இந்நூல். ஊரார் ஹாலோகிராம் என்பதே ஈண்டு முழுவுரு. அது பதிந்துள்ள கண்ணாடியோ மென்படலமோ தகடு எனப்படும். தகட்டின் முன் நிற்பவர் நோக்குநர். அவர் முழுவுருவைக் காணும்பொருட்டுத் தலையாட்டலும், குனிதலும், குந்தலும், கை நீட்டலும், இவை போல்வன பிறவும் நோக்கசைவு. இந்நான்கு பெயர்களும் நெஞ்சில் நின்ற பின்னரே மேலே படிக்க.

ஓவியத்தின் முன்னும் மாந்தர் அசைகின்றனரே, அதனை ஏன் விடுத்தீர் எனின், ஓவியத்தின் முன் அசைவார் கால்வலியால் அசைகின்றனர். அவர் அசைவால் ஓவியத்தில் ஒன்றும் மாறுவதில்லை. முழுவுருவின் முன் நோக்குநர் ஒரு விரற்கடை நகரின், குவளைக்குப் பின் மறைந்திருந்த கரண்டி வெளிப்படும். வெளிப்பட்டிருந்த கிண்ணம் மறையும். ஆகலின் நோக்கசைவு முழுவுருவிற்கு உறுப்பு. ஓவியத்திற்கு வெறும் உடல்நலச் செய்தி.

இனி, இவ்வசைவு தோன்றிய கரணியம் கூறுதும். அங்கேரியில் பிறந்த டென்னிசு காபோர், இங்கிலாந்தின் இரக்பி என்னும் ஊரில் மின்னணு நுண்ணோக்கியைச் செப்பமாக்க முயன்றபோது, 1947இல் ஓர் உண்மையைக் கண்டார். ஒளிப்படம் ஒளியின் மிகுதி குறைவுகளை மட்டுமே பதிகிறது. அலை எந்நிலையில் வந்து சேர்ந்தது என்பதனைத் தவற விடுகிறது. அதனையும் சேர்த்துப் பதிந்தால், பொருள் அகன்ற பின்னும் அப்பொருளினின்று வந்த ஒளியை அவ்வாறே மீட்டெழுப்பலாம். இதற்காக 1971இல் அவர்க்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் கண்ட நாளில், எண்ணம் இருந்தும் அதற்கேற்ற ஒளி அவர் கையில் இல்லை. சீரொளி, அஃதாவது லேசர், பிறந்தது 1960இல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இலீத்து, உபத்துனியெக்சு என்னும் இருவர் 1964இல் விளையாட்டுத் தொடர்வண்டி ஒன்றை முழுவுருவாக்கிக் காட்ட, ஒளியியல் வல்லார் அதனைக் காண வரிசையில் நின்றனர்.

முழுவுரு பதியும் முறையை மாணாக்கன் அறியாது நோக்கசைவை அறிதல் இயலாது. சீரொளிக் கதிர் ஒன்று இரண்டாகப் பிரியும். ஒன்று பொருளின்மேல் விழுந்து தெறித்துத் தகட்டை அடையும். மற்றொன்று நேரே அடையும். இரண்டும் மோதி விளைக்கும் நுண்வரிகளே தகட்டில் நிற்பன. எளிய சிவப்புச் சீரொளியின் அலைநீளம் 633 நானோமீட்டர். பதியும்பொழுது பொருளோ தகடோ அதில் ஒரு சிறு கூறளவு அசைந்தாலும் வரிகள் அழியும். சான்பிரான்சிசுக்கோவில் 1971இல் முழுவுருப் பள்ளி தொடங்கிய இலாயிடு கிராசும் செர்ரி பெத்திக்கும், தெருவில் ஓடும் வண்டியின் அதிர்வு எட்டாவண்ணம், மணல் நிரப்பிய பெட்டியைக் காற்றடைத்த சக்கரக் குழாய்களின்மேல் ஏற்றி அதன்மேற் பதிந்தனர். 1970இல் மார்கரெட்டு பென்யன் இயற்றிய ‘வெங்காற்று’ என்னும் முழுவுருவில், அசையாப் பொருள்கள் அவ்வாறே நிற்க, அசைந்த கையிருந்த இடத்தில் கையளவு இருள் நிற்கிறது.

பதியுங்கால் அடக்கிய அசைவெல்லாம் நோக்குங்கால் வெளிப்படும் என்பது இதனாற் பெறப்படும். பதிவோர் கடன்பட்டனர், நோக்குநர் அடைக்கின்றனர். பின்வரும் வகைகள் அனைத்தும் இவ்வொரு நெறியினின்று கிளைத்தன.

நூற்புறத்தனவற்றை முதற்கண் விலக்குதும். 2012இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் மறைந்த பாடகர் தூப்பாக்கு தோன்றினாரே எனின், அது முழுவுரு அன்று. சாய்த்த படலத்தில் தெறித்த காட்சி; இலண்டனில் 1862இல் சான் என்றி பெப்பர் கண்ணாடி கொண்டு காட்டிய பேய்க்காட்சியின் வழித்தோன்றல். அமர்ந்தார் அமர்ந்தவாறே அதனைக் காண்பர், நோக்கசைவு பிறவாது. வங்கியட்டையிற் பொறித்த சிறு பறவையும் விலக்கப்படும். அங்கே அசைவது அட்டை, நோக்குநர் அல்லர்.

நோக்கசைவு ஐவகைப்படும். அவை கிடையசைவு, நெட்டசைவு, சுற்றசைவு, கையசைவு, கண்ணசைவு என்பன. ஒருசாரார் தகட்டின் பின்புறம் சென்று பார்த்தலையும் தனியே எண்ணி ஆறென்ப. அவர் கொள்கை சுற்றசைவில் மறுக்கப்படும்.

அவற்றுள், கிடையசைவாவது இடமும் வலமும் செல்லுதல். இது தலையூசல், இடுப்பூசல், அடியூசல் என மூன்றாம். தலையூசல் கழுத்திற்கு மேலே நிகழும், நாணமுடையார்க்கு உரியது, முதன்முறை தகட்டின் முன் நிற்பார் பெரும்பாலும் இதனோடு தொடங்குவர். இடுப்பூசலில் அடிகள் நிலைக்க, மேலுடல் ஆடும். அடியூசலில் காலும் சேர்ந்து நகரும். அருகில் நிற்பாரின் தோள்மேல் இடித்து முடியும்.

பயன்பற்றிக் கிடையசைவு எட்டலும் தேடலும் என இருவகைப்படும். எட்டலாவது, முன்னிற்கும் பொருளைச் சுற்றிப் பின்னிருப்பதைக் காண முயலுதல். ஆத்திரேலியரான பவுலா தாசன், பிரான்சின் பெசான்சோன் ஊர் ஆய்வகத்தில், ஒரு வீட்டின் முன்னறையை அதன் இருக்கைகளோடு முழு அளவில் ஒரு தகட்டுக்குள் அமைத்தார். அதன்முன் நிற்பார் பலகணிக்கு வெளியே நின்று பிறர் வீட்டை நோக்குவார் போல்வர். சாய்விருக்கையின் பின்னே என்ன இருக்கின்றது என அறிய, தகட்டின் ஓரம்வரை கழுத்தை நீட்டுவர். ஓரத்திற்கு அப்பால் அறை இல்லை, சுவரே உண்டு. அங்கே நீட்டிய கழுத்து மீளும்.

தேடலாவது, ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்று உளதெனக் கொண்டு ஊசலாடுதல். சேம்சு டரலின் முழுவுருக்களில் பொருள் என எதுவும் இல்லை. ஒளியே தகடு போலவும் ஆப்பு போலவும் தனித்து நிற்கும். சில தகட்டுக்கு முன்னும் சில பின்னும் நிற்பதாகத் தோன்றும். இதனை அறியா நோக்குநர், ஒளியின் பின்னே பொருள் மறைந்துள்ளது எனத் துணிந்து ஊசலை நிறுத்தார். கிடையசைவுகளுள் நெடிது நீள்வது இதுவே. நிறுத்துமாறு சொல்லுதல் ஆசிரியர்க்கு முறையன்று.

இனி நெட்டசைவு. இது நூலின் நெஞ்சம், விரைந்து படிக்கற்க. மேலும் கீழும் செல்லுதலாகிய இது, குந்தல், நுனியெழல், தூக்கல் என மூவகைப்படும்.

குந்தல் நால்வகைத்து: பயன்குந்தல், நிறக்குந்தல், வெறுங்குந்தல், மிகைக்குந்தல். ஒருவர் குந்தியிருத்தலைக் கண்டவுடன் இன்ன குந்தல் எனக் கூறுதல் பேதைமை. அவர் முன்னுள்ள தகட்டின் இயல்பை முதலில் ஆய்க.

பயன்குந்தல் யூரி தெனிசியுக்கின் வழியே பிறந்தது. உருசியரான அவர் 1962இல், நோக்குநர் நிற்கும் புறத்தினின்றே ஒளி விழுந்து தெறிக்கும் முழுவுருவை அமைத்தார். இல்லத்து விளக்கொளி போன்ற வெள்ளொளியும் அதற்குப் போதும். மேலும் கீழும், இடமும் வலமும் என எல்லாத் திசையிலும் அதில் காட்சி மாறும். ஆகலின் அதன்முன் குந்துபவர் மெய்யாகவே மேசையின் அடியைக் காண்பர். அவர் முழங்கால் பட்ட துன்பம் வீண்போகவில்லை.

நிறக்குந்தல் சிடீவன் பென்டனின் கொடை. மாசாசூசெட்சில் போலராய்டு நிறுவனத்தில் இருந்த அவர், 1968இல் ஒரு பண்டமாற்றுச் செய்தார். நெட்டுவாக்கில் காட்சி மாறும் பண்பை ஒரு குறுகிய பிளவால் அறுத்து எறிந்தார். அதற்கு மாற்றாகப் பொலிவான வெள்ளொளிக் காட்சி பெற்றார். இதனை வானவில் முழுவுரு என்ப. இதன் முன் குந்தினால் பொருளின் அடி தோன்றாது. பொருள் அவ்வாறே நிற்க, அதன் நிறம் மட்டும் வானவில்லின் முறையே மாறிச் செல்லும். ஒல்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த இரூதி பெர்க்கௌட்டும், பெர்லினின் தீத்தர் யுங்கும் இந்நிறமாற்றத்தைக் குறை எனக் கொள்ளாது, ஓவியர் நிறக்குழைவைக் கையாளுமாறு கையாண்டனர். ஆதலின் அவர்தம் படைப்பின் முன் குந்துதல் கடமை. நின்றவாறு கண்டு சென்றவர் ஒரு நிறத்தையே கண்டவர். முழுதும் கண்டேன் எனச் சொல்லும் உரிமை அவர்க்கில்லை.

வெறுங்குந்தலாவது, குந்தியும் ஒன்றும் பெறாமை. இங்கிலாந்தின் அரசியார் இரண்டாம் எலிசபெத்தை 2004இல் கிறிசு இலெவின் முழுவுருவாக்கினார். உடனிருந்து உருவாக்கியவர் இராபு மண்டே. தண்டவாளத்தின்மேல் கிடைவாக்கில் நகர்ந்த ஒளிப்படக் கருவி அரசியாரை அடுத்தடுத்துப் பதிந்தது. அரசியார் அசையாது அமர்ந்தார். இடையிடையே கண்மூடி இளைப்பாறியபோது எடுத்த ஒரு படம் பின்னர்த் தனிப்பெயர் பெற்றது. கருவி கிடையாகவே நகர்ந்தமையின், முடியின் அடிப்புறத்தையோ தாடையின் கீழ்ப்புறத்தையோ காண எண்ணிக் குந்துவார் எத்துணை தாழினும் அதே தாடையைக் காண்பர். இதன்கண் மரியாதைக் குந்தல் என ஐந்தாவது ஒன்று உண்டென ஒருசாரார் கூறுவர். அது வழிபாட்டியலுக்கு உரியது, ஈண்டுக் கொள்ளப்படாது.

மிகைக்குந்தலாவது, வானவில் முழுவுருவின்முன் நிறம் தேடித் தாழ்ந்து, எல்லை கடத்தல். வானவில்லின் இருமுனைக்கும் அப்பால் நிறமில்லை. முழுவுருவே அவிந்து தகடு வெறுங்கண்ணாடியாகும். அவ்வழி நோக்குநர் தகடு பழுதானதெனக் கருதிக் காவலரை நோக்குவர். ஒரு சாண் எழுமாறு அவர்க்குக் கூறுக.

ஒரே குந்தல் வெறுங்குந்தலாய்த் தொடங்கி நிறக்குந்தலாய் முடிதலும் உண்டு. அஃது அடியைக் காணத் தாழ்ந்தவர் நிறத்தைக் கண்டு மகிழ்தல். அதனைக் கலப்புக்குந்தல் என்க. நாற்பது அகவை கடந்தார் பாதியில் நின்றுவிடுதல் அரைக்குந்தல். முழங்காலின் ஒலி வகைப்பாட்டை மாற்றாது.

நுனியெழல் பற்றிச் சொல்ல மிகுதியில்லை. குந்தலுக்கு எதிர், உயரம் குறைந்தார் செய்வது, நெடிது நில்லாது.

தூக்கலாவது, ஒருவரை மற்றொருவர் எடுத்து உயர்த்துதல். தகடு பெரியோர் கண்ணளவிற்குத் தொங்கவிடப்படுதலின் குழந்தைகளுக்கு வானவில் முழுவுரு தோன்றுவதில்லை. தோன்றினும் வேறு நிறத்தில் தோன்றும். தூக்கிய பின் குழந்தை, தான் முன்பு கண்ட நிறத்தையே கேட்டு அழுதல் இயல்பு. நெடியரும் குறியரும் அடுத்தடுத்து நிற்குமிடத்து, ஒருவர் பச்சை என்னவும் மற்றவர் சிவப்பு என்னவும் எழும் பூசல் நிறவழக்கு எனப்படும். இருவரும் உண்மையே உரைக்கின்றனர். தீர்க்குமாறு: நெடியர் குந்துக, குறியர் எழுக, ஒரே நேரத்தில் இரண்டும் செய்யற்க, நிறங்கள் கைமாறுமேயன்றி வழக்குத் தீராது.

உலூயி பூர்சுவாவின் எட்டு முழுவுருக்கள் இவ்விடத்து ஓரங்கட்டிக் கூறத்தக்கன. கட்டிலும் நாற்காலியும் சிறு அளவில் செந்நிறத்தில் நிற்கும் அவற்றின் முன் நோக்குநர் குந்துவதில்லை, ஊசலாடுவதும் குறைவு. கதவிடுக்கின் வழியே நோக்குவார் போல் முதுகை வளைத்து முகத்தை நெருக்குகின்றனர். இதனை உட்குனிவு என்க. எவ்வகையில் அடக்குவது என்பதில் யான் இன்னும் தெளிந்திலேன் என நினையற்க. நெட்டசைவில் அடக்கினேன், முதுகு கீழே வருதலின்.

சுற்றசைவாவது, முழுவுருவைச் சுற்றி நடத்தல். மேலே மணற்பெட்டியாற் குறித்த இலாயிடு கிராசு இதற்கு முதல்வர். அவர் திரைப்படச் சுருளின் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு மெல்லிய நெட்டுக்கீற்றாக்கி, கீற்றுகளை வளைந்த தகட்டில் அடுக்கினார். ‘முத்தம் இரண்டு’ என்னும் 1974ஆம் ஆண்டுப் படைப்பில், 120 பாகை வளைந்த தகட்டின் முன் நடக்க, உள்ளிருக்கும் பெண் முத்தத்தைக் காற்றில் விட்டுக் கண்ணடிப்பாள். மின்னோ பொறியோ அவளை இயக்குவதில்லை. நோக்குநரின் கால்களே இயக்குகின்றன.

இது முன்சுற்று, மீள்சுற்று, நடுநிறுத்தம் என மூவகைப்படும். முன்சுற்றில் முத்தம் உதட்டினின்று கைக்கும், கையினின்று நோக்குநர்க்கும் வரும். விரைந்து நடப்பார்க்கு விரைந்த முத்தம். வழிதவறி வந்தார்க்கும் அதே முத்தம். மீள்சுற்றில் அவள் விட்ட முத்தத்தைத் திரும்பப் பெற்று உதட்டில் வைத்துக்கொள்வாள். முன்சுற்றை முடித்துக் கதவு எதிர்ப்புறம் இருத்தலால் திரும்பி நடப்பவர், பெற்றதை இழந்தே கூடத்தை விட்டு வெளியேறுவர். நடுநிறுத்தத்தில் இடக்கண்ணுக்கு ஒரு நொடியும் வலக்கண்ணுக்கு அடுத்த நொடியும் தோன்றும். முத்தம் பாதியில் நிற்கும். அவ்வாறு நிற்பாரை வேறு பெயரால் அழைத்தல் நூலின் மாண்புக்கு ஏற்றதன்று.

சால்வடோர் தாலி 1973இல் பாடகர் ஆலிசு கூப்பரை உருளை முழுவுருவாக்கினார். அவ்வுருளை தானே சுழலும். நோக்குநர் ஓரிடத்தில் நின்று அனைத்தையும் காண்பர். நடக்க வேண்டிய நடையைப் பொறி நடத்தலின், இதனை முழுமையான சுற்றசைவு எனக் கொள்ள யான் உடன்படேன். தாலியின் புகழ் வகைப்பாட்டில் செல்லாது.

இனிப் பின்னோக்கல். தகட்டின் பின்னே பொருள் உளதோ என ஐயுற்று, சுவருக்கும் தகட்டுக்கும் இடையே கண்ணை நுழைத்தல் இது. அங்கே பெரும்பாலும் கரிய பூச்சும் தொங்கவிட்ட கம்பியும் உள. முழுவுருவைக் காணும்பொருட்டு நிகழாது, அதன்மேற் கொண்ட ஐயத்தால் நிகழ்தலின், இது தனிவகை ஆகாது, முற்றுப்பெறாத சுற்றசைவே. ஆறென்பார் கொள்கை இதனால் வீழ்ந்தது.

கையசைவாவது, தகட்டின் முன்னே காற்றில் நிற்கும் முழுவுருவைத் தொடமுயலுதல். ஆரியட்டு காசுடின்-சில்வர் 1977இல் இயற்றிய முள்கரண்டிகள் தகட்டினின்று வெளியே நீண்டு நோக்குநரின் முகத்தை நோக்கும். கண் அஞ்சும், கை நீளும். இது துழாவல், கிள்ளல், பின்வாங்கல் என மூன்று. துழாவலில் விரித்த விரல்கள் கரண்டியின் ஊடே செல்லும். கிள்ளலில் இருவிரல் கூடும், இடையில் ஒன்றுமிராது. பின்வாங்கல் கை தீண்டுமுன் நிகழும். முள் குத்தாது என அறிந்தாரும் செய்வர்.

ஈண்டு மாணாக்கன் மயங்குமிடம் ஒன்று உண்டு. கரண்டிக்கும் தகட்டுக்கும் இடையே கையை நுழைத்தால், கை பின்னே, கரண்டி முன்னே. ஆயினும் கை கரண்டியை மறைக்கும். ஏனெனின் கரண்டியின் ஒளி தகட்டினின்று வருகின்றது. கை அவ்வொளியை இடையில் தடுக்கின்றது. பின்னிருப்பது முன்னிருப்பதை மறைக்கும் இந்நிலையை முறைமாறு மறைப்பு எனக் குறித்துக்கொள்க. இது நிகழுங்கால் நோக்குநர் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பர். காவலர் இருமுவர். தகட்டைத் தொடாது காற்றை மட்டும் தொட்டார்க்குக் குற்றமில்லை என்பது என் துணிபு. காவலர்க்கு இந்நூல் சென்று சேரவில்லை.

கண்ணசைவு சிறுபான்மை. பிரேசிலின் எதுவார்தோ காக் 1983 முதல் முழுவுருவிற் பா அமைத்தார். எழுத்துகள் காற்றில் உடைந்தும் கூடியும் நிற்ப, நகர்ந்தால் சொல் வேறாகும். இரு கண்ணும் ஒரே நொடியில் வெவ்வேறு எழுத்தைக் காணலும் கூடும். அங்கே ஒரு கண்ணை மூடிப் படித்தல் ஒற்றைக்கண்ணடைப்பு. ஒரு கண்ணால் ஆழம் குறையும்; ஆயினும் தலையை ஆட்டின் மீளும். ஆகலின் ஒற்றைக்கண்ணடைப்பார் கட்டாயம் தலையூசலும் செய்வர். கண்ணடைத்துத் தலையாட்டுவாரை எதிரே வருபவர் பிழையாகப் பொருள்கொள்ளுதல் நேரும்.

இனி வழுவும் அமைதியும். விளக்குமறை வழு முதலாவது. முழுவுருவிற்குப் பொருத்தமான விளக்கு ஒன்றே, சிறியது, மேலினின்று சாய்வாக விழுவது. அதன் வழியில் தலையை வைத்தால் தலையின் நிழல் விழுந்த இடமெல்லாம் முழுவுரு அவியும். அவிந்ததைக் காண இன்னும் நெருங்குவர். நெருங்க நெருங்க நிழல் பெருகும். குழல்விளக்குகள் பல ஏற்றிய கூடத்தில் முழுவுரு மங்கிக் குழம்புதல் நோக்குநர் வழு அன்று, கூடவழு. கைப்பேசி வழுவாவது, கைப்பேசியின் ஒற்றைக்கண்ணால் ஒரு நிலையை மட்டும் பதிந்து, முழுவுருவைத் தட்டையாக்கிக் கொண்டுசெல்லுதல். அவரே நகர்ந்தவாறு அசைபடமாகப் பதியின் அது வழுவமைதி. அவர் உடல் நோக்கசைவு செய்தமையின் பொறுக்கப்படும்.

களப்பயிற்சிக்கு இடம் எது எனின், நியூயார்க்கின் மெர்சர் தெருவில் 1976இல் தோன்றிய முழுவுரு அருங்காட்சியகம் 1992இல் மூடப்பட்டது. அதன் தொகுப்பை மறு ஆண்டு மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் அருங்காட்சியகம் வாங்கியது. இலாசு ஏஞ்சலிசின் கெட்டி மையம் 2024இல் டரல், பூர்சுவா, தீனா இலாசன் முதலியோர் முழுவுருக்களைக் காட்சிக்கு வைத்தது. எங்குச் செல்லினும் மாணாக்கன் தகட்டை நோக்கற்க. தகட்டை நோக்குவாரை நோக்குக. சுவரோரம் நிற்க, குறிப்பேட்டை மறைத்து வைக்க, கேட்டால் ஓவியம் வரைகின்றேன் என்க.

தேர்வு வினா ஒன்று. அரசியாரின் முழுவுரு முன் ஒருவர் கைப்பேசியை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அரைக்குந்தலில் நின்று, இடப்புறமாக நகர்ந்து, பின்னால் நின்ற அம்மையாரின் காலை மிதித்தார். இவர் அசைவு யாது? விடை: நகர்வு உண்மையின் அடியூசல், நெட்டுவாக்கில் ஒன்றும் பெறாமையின் வெறுங்குந்தல், அசைபடமாயின் வழுவமைதி, அன்றாயின் வழு. கண்ணை மூடியது கைப்பேசியின் கண்ணுக்குத் துணையாகவேயன்றி முழுவுருவிற்காக அன்று. ஆகலின் கண்ணசைவு என எழுதியவர்க்கு மதிப்பெண் இல்லை. மிதிபட்ட அம்மையார் செய்தது காலசைவு. அது நோக்கசைவு அன்று.